மாரியாயி அக்காவுக்கு வீடியோவில் டாக்டர்

மாரியாயி அக்காவுக்கு எதையும் மறைக்கத் தெரியாது என்று நான் பத்து வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். மலேசியாவின் கிள்ளானில் மிளகாயும் மல்லியும் அரைத்துக் கொடுக்கும் மில்லில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சாமான் நிறுக்கிறோம். மருமகள் குழம்பில் புளி தூக்கல் என்பதிலிருந்து முதலாளி புதுப் பல் கட்டியது வரைக்கும் அக்கா வாயில் எதுவும் தங்காது. அப்படிப்பட்டவர் ஐந்து மாதமாக ஒரு விஷயத்தை என்னிடம்கூடச் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால் சொல்கிற விதத்தில் கொஞ்சம் காரம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு ஐம்பத்தேழு வயது. புருஷன் போன பிறகு மகன் ஐங்கரனை ஒற்றை ஆளாக வளர்த்தார். அவன் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறான். தங்கமான பிள்ளை, வாய் மட்டும் கொஞ்சம் முந்திக்கொள்ளும். மருமகள் இந்துஜா வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மூன்று பேருக்கும் சேர்த்து இரண்டு அறை ஃபிளாட். பிரஷருக்கும் இனிப்பு நீருக்கும் அக்கா ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்ப்பார்.

மாதவிடாய் நின்று வருஷக்கணக்கான பிறகு அக்காவுக்கு மறுபடியும் ரத்தம் பட ஆரம்பித்தது. முதலில் ஒரு கறைதான். நின்றது, மறுபடி வந்தது, அடிவயிற்றில் வலியும் சேர்ந்துகொண்டது. அக்கா பயந்துபோனார். வளர்ந்த மகனிடம் இதை எந்த வாயால் சொல்வது? மருமகளிடம் சொன்னால் அன்று ராத்திரியே அவன் காதுக்குப் போய்விடும். சரி, டாக்டர் தேதி வரட்டும் என்று இருந்துவிட்டார். நம்பரைக் கூப்பிட்டதும் ஐங்கரன் வெளியே நாற்காலியில் உட்கார்ந்துகொள்வான். உள்ளே ஒரு பெண் டாக்டர், கதவும் சாத்தியிருக்கும். அங்கே சொல்லிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு நாளை ஓட்டினார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தலையில் ஒரு குட்டு வைத்து அன்றைக்கே இழுத்துக்கொண்டு போயிருப்பேன்.

தேதி நெருங்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து ஐங்கரன் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. உடம்பு சீராக இருப்பவர்கள் வீட்டிலிருந்தே வீடியோவில் டாக்டரைப் பார்க்கலாமாம். அவனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

“அம்மா, இனிமே அங்க போயி மணிக்கணக்கா உட்கார வேணாம். டாக்டரே போன்ல வராங்க. புக் பண்ணிட்டேன்.”

“எனக்கு போனெல்லாம் சரிப்படாதுப்பா. நேர்லயே போயிருவோம்.”

“பார்க்கிங் கிடைக்காம நான் படுற பாடு உனக்கு எங்க தெரியுது? இது செனாங் லா மா, அலைச்சலே இல்ல. மருந்துகூட போஸ்ட்ல வந்துரும்.”

“நேர்ல பாத்தாத்தான் எனக்கு டாக்டரைப் பாத்த மாதிரி இருக்கும்.”

“நீ கேன்டீன்ல கறிபாப்பு திங்கத்தான் போறேன்னு எனக்குத் தெரியாதா?” என்று சிரித்தான்.

அக்காவும் சிரித்து வைத்தாராம். வேறென்ன செய்வார்? காரணம் சொல்லாமல் பிடிவாதம் பிடிக்க முடியாது. காரணத்தைச் சொல்லவும் முடியாது. அம்மாவின் அலைச்சலைக் குறைக்க அந்தப் பிள்ளை ஆசையாகத்தான் செய்தான். அதை நினைத்தால் எனக்கு அவன்மேலும் கோபப்பட முடியவில்லை.

அன்றைக்கு அவன் அரை நாள் லீவு போட்டான். சாப்பாட்டு மேசையில் மைலோ டின்னில் போனைச் சாய்த்து வைத்து, அம்மாவுக்கு ஒரு பக்கம் அவனும் மறுபக்கம் இந்துஜாவும் உட்கார்ந்தார்கள். திரையில் இளவயது மலாய் டாக்டர் ஒருவர் வந்தார். பேச்செல்லாம் மலாயில்தான். பிரஷர் எவ்வளவு என்று கேட்டால் ஐங்கரன் சொன்னான். மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டால் இந்துஜா சொன்னாள்.

“வேற ஏதாவது பிரச்சினை இருக்கா ஆன்டி?”

“ஒண்ணும் இல்ல டாக்டர், நல்லா இருக்காங்க. சோத்தைக் குறைக்கச் சொன்னாத்தான் கேக்கிறதில்ல” என்றான் ஐங்கரன்.

“ஆன்டி சொல்லட்டுமே” என்றார் டாக்டர்.

இதை விட்டால் இன்னும் ஆறு மாதம். “ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க” என்றார் அக்கா.

“ஏன்மா?”

“இருங்கன்னா இருங்க.”

ஒன்றும் புரியாமல் இருவரும் வெளி நடைபாதைக்குப் போனார்கள். அக்கா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கடைத்தெருவில் பேசும் பாசார் மலாய் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனால் இதைச் சொல்ல அதில் வார்த்தை அகப்படவில்லை. வெட்கத்தில் மேசை விரிப்பையே பார்த்துக்கொண்டு, பாதி மலாயும் பாதி தமிழுமாக எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கறையை, வலியை, தூங்காமல் கிடப்பதை, புற்றுநோயாக இருக்குமோ என்கிற பயத்தை. சொல்லி முடித்து நிமிர்ந்தால் டாக்டர் வாய் பாதி திறந்தபடி அசையாமல் நின்றார். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

“டாக்டர்” என்று கூப்பிட்டுப் பார்த்தார். எந்த இடத்தில் நின்றுபோனதோ தெரியவில்லை. பிறகு அந்த முகமும் போய்விட்டது. இதை என்னிடம் சொல்லும்போதுதான் அக்கா அழுதார்.

அவர் கூப்பிட்டதும் ஐங்கரன் உள்ளே வந்து போனைத் தட்டினான். “லைன் போச்சு மா. முடிஞ்சிருச்சுன்னு காட்டுது.” ஆஸ்பத்திரி நம்பருக்கு அடித்தால் யாரும் எடுக்கவில்லை. “நேர்ல பாக்கணும்னு இந்த போன்லயே கேட்டுப் போடலாம். ஆனா காரணம் கேக்குது. என்னன்னு போடட்டும்?”

“முடியலன்னு போடு.”

“அப்படிப் போட்டா எப்ப கூப்பிடுவாங்களோ. அவசரமா இருந்தாத்தான் சீக்கிரம் பாப்பாங்க லா. உனக்கு என்னதான் மா?”

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ரத்தம் போகுதுப்பா. அஞ்சு மாசமா கீழ ரத்தம் போகுது. அதைப் போடு.”

ஐங்கரன் எதையும் போடவில்லை. இந்துஜாதான் அத்தையின் அடையாள அட்டையைத் தேடி எடுத்தாள், செருப்பைக் கொண்டுவந்து காலடியில் வைத்தாள். அந்தக் காலையிலேயே நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே நர்ஸாக இருந்த ஒரு தமிழ் மிஸ்ஸி, “ஏன் ஆன்டி இத்தனை நாள் சொல்லல?” என்று கேட்டபோது ஐங்கரன்தான் பதில் சொன்னான்.

“நான்தான் மிஸ்ஸி அவங்களைப் பேச விடல.”

கர்ப்பப்பையிலிருந்து சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் தெரியும் நாளில் நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். நம்பரைக் கூப்பிட்டார்கள். ஐங்கரன் எழுந்திருக்கவில்லை.

“நீ போயி நிதானமா பேசிட்டு வா மா. நாங்க யாரும் உள்ள வரல” என்றான்.

அக்கா கதவு வரைக்கும் போனார். கைப்பிடியில் கையை வைத்தார். பிறகு திரும்பி வந்து அவன் தோளைத் தொட்டார்.

“நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன்பா. இன்னிக்கு டாக்டர்தான் சொல்லப் போறாங்க. நீயும் வா.”