முதல் வியாபாரத்தில் போன சூட்கேஸ்

போன சனிக்கிழமை மகள் என் பழைய மண்ணிறச் சூட்கேசைக் கூரைக்குக் கீழே இருக்கும் லொப்டில் இருந்து இறக்கி, ஈரத்துணியால் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து நாலு பக்கமும் படம் பிடித்தாள். "அப்பா, இது விண்டேஜ். போன்ல விக்கப் போட்டா உடனே போயிடும்" என்றாள். மூடியைத் திறந்ததும் பூச்சி உருண்டை வாசம் வந்தது. அதற்கு அடியில் கொஞ்சம் ஊதுவத்தி வாசமும் இருந்தது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள். இந்தச் சூட்கேசை நான் ஏற்கெனவே ஒரு தடவை விற்றவன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஈஸ்ட் ஹாமில் ஒரு கடைக்கு மேலே எங்களுக்கு இரண்டு அறைகள். அந்த நாட்களில் லண்டன் பலருக்கு இடையில் இறங்கும் தரிப்பிடம் மாதிரி. கடைசியில் எல்லாரும் கனடாவுக்குத்தான் போனார்கள். போகிறவர்கள் எங்கள் வீட்டில் இரண்டு கிழமை படுத்து எழும்பி, "இதுகளை வைச்சிரு மச்சான், பிறகு எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஒருவரும் எடுக்கவில்லை. எங்களிடம் ஐந்து ரைஸ் குக்கர், ஒன்பது குளிர்கோட்டு, எண்ண முடியாத குடைகள், இடியப்ப உரல் இரண்டு. ரொறொன்ரோவில் இடியப்பம் கிடையாது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

மனைவி ரதிக்கு எட்டாம் மாதம். "தொட்டில் வைக்க இடமில்லை. ஒண்டில் இந்தக் கோட்டுகள் போகோணும், இல்லாட்டி நீங்கள் போகோணும்" என்றாள்.

பெற்றோல் நிலையத்தில் என்னோடு ஷிப்ட் செய்த தவம் அண்ணைதான் வழி சொன்னார். "ஞாயிறு கார் பூட் சேலிலை போடு. காரின்ரை பின்பெட்டியைத் திறந்து வைச்சுப் பழசு விக்கிற சந்தை. வெள்ளைக்காரன் எல்லாம் வாங்குவான்."

"நாலு பேர் போட்டுக் கழிச்ச கோட்டையோ அண்ணை?"

"எட்டுப் பேர் போட்டதெண்டாலும் வாங்குவான். உன்னட்டைத்தான் கார் இல்லை. என்ரை இருக்கு."

அடுத்தவன் வீட்டுக் குப்பையைப் பார்க்க ஞாயிறு காலையில் குளிரில் எழும்பி வருகிற மனிதர்கள் எப்படி இருப்பார்கள் என்று பார்க்க எனக்கு ஆசையாகவும் இருந்தது. ஆனால் நான் பயந்த சாதி. விலைத்துண்டுகளை எழுதி ஒட்டினேன், பிறகு கூடிப்போச்சு என்று கிழித்தேன், பிறகு குறைஞ்சுபோச்சு என்று திரும்ப ஒட்டினேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று ஆங்கிலத்தில் விலை சொல்லிப் பழகினேன். கண்ணாடியில் இருந்தவனே வாங்கவில்லை.

பள்ளிக்கூட மைதானம். புல் முழுக்க ஈரம். காரின் பின்பெட்டியைத் திறக்க முதலே டோர்ச் லைட்டோடு ஏழெட்டுப் பேர் உள்ளே தலையை விட்டுவிட்டார்கள். இவர்கள் வியாபாரிகள் என்றும், இங்கே வாங்கி அங்கே விற்பவர்கள் என்றும் அப்போது எனக்குத் தெரியாது. ரதி அதையெல்லாம் பொருட்படுத்தாமல் ஒரு வாழைப்பழத்தில் ஊதுவத்தியைக் குத்திக் கொளுத்தி, மேசை நடுவில் வைத்தாள். தோல் தொப்பி போட்ட ஒருவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து, வாழைப்பழத்தை ஆராய்ந்துவிட்டு, நான் உடுப்புகளைக் கொட்டிவிட்டு ஓரமாக வைத்த சூட்கேசைக் காட்டினார். என்ன விலை?

அது விற்க இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ரதி விலாவில் இடித்தாள். "முதல் வியாபாரம். இல்லையெண்டு சொல்லிப்போடாதேங்கோ. பிறகு நாள் முழுக்க ஒண்டும் போகாது." முதல் ஆளைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது எங்கள் ஊர்க் கடைகளில் எழுதாத சட்டம். கொடுத்துவிட்டேன்.

அவளுடைய ஊதுவத்தி வேலை செய்தது. ஒரு பெண் இடியப்ப உரலைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தாள். தவம் அண்ணை நூடில்ஸ் மெஷின் என்று அடித்துவிட்டார். அவள் களிமண்ணில் பொம்மை செய்பவளாம், பொம்மைக்குத் தலைமயிர் பிழிய நல்லது என்று இரண்டையும் வாங்கிப்போனாள். இன்றைக்கும் இடியப்பம் சாப்பிடும்போது எனக்கு அது நினைவு வரும்.

சிரித்துக்கொண்டு நின்றவனுக்குத் திடீரென்று பொறி தட்டியது. சூட்கேசின் அடித்துணிக்குக் கீழே என் பிறப்புச் சான்றிதழ்! கொழும்பு வரும்போது அதை உள்ளே வைத்து நானே தைத்தேன். லண்டன் வந்த பிறகும் அதைவிடப் பத்திரமான இடம் தெரியாததால் அங்கேயே விட்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை ஹோம் ஆபிஸில், இந்த நாட்டில் தங்க அனுமதிக்கான நேர்காணல். அசல் கொண்டுவரச் சொல்லிக் கடிதம். திங்கள் பிரிக்கலாம் என்று இருந்தேன். யாழ்ப்பாணத்தில் இருந்து இன்னொன்று எடுப்பதா? சண்டையால் கடிதமே போய்ச் சேராத காலம்.

ரதியிடம் சொல்லவில்லை. எட்டு மாதக்காரியைப் பயப்படுத்தக் கூடாது என்பது எனக்கு நானே சொன்ன காரணம். உண்மையில் அவளுடைய வாய்க்குப் பயம்.

மூன்று வரிசை தள்ளி, தொப்பிக்காரரின் கடையில் சூட்கேஸ் நடுநாயகமாக இருந்தது. விலை நாலு மடங்கு! நான் போய்க் கேட்டால் என் முகமே அதைப் பத்து மடங்காக்கும். திரும்பி ஓடிவந்து, "இஞ்சேரும், அது நான் வந்திறங்கின சூட்கேஸ். மனம் கேக்கேல்லை. நீர் போய் வாங்கும்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

போனவள் சூட்கேசைப் பார்க்கவே இல்லை. முதலில் ஒரு விளக்கைக் கேட்டாள். பிறகு ஒரு தேநீர்ப் பானை. கடைசியில் போகிற போக்கில் சூட்கேசைத் தட்டி, பூட்டு இறுக்கம் என்று உதட்டைப் பிதுக்கி, பாதி விலைக்கும் பாதி சொன்னாள். அவர் முடியாது என்று தலையாட்டினார். அவள் திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டாள்! நான் ஒரு கூடாரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். "போகாதையப்பா" என்று நான் முணுமுணுத்ததைக் கேட்டுப் பக்கத்தில் நின்ற நாய் குரைத்தது. அவள் பத்தடி போனாள். பதினைந்து. பிறகுதான் அவர் கூப்பிட்டார்.

காருக்குப் பின்னால் குந்தியிருந்து தவம் அண்ணையின் பேனாக்கத்தியால் அடித்துணியைப் பிரித்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. ஈரப் புல்லில் அப்படியே இருந்துவிட்டேன்.

"என்ன தேடுறியள்? அந்தக் கடதாசியோ?" என்றாள் ரதி. "போன மாசம் பூச்சி உருண்டை போடேக்க கையிலை தட்டுப்பட்டது. செவ்வாய்க்கு வேணுமெண்டு எடுத்து வெறும் பால்மாத் தகரப் பேணிக்குள்ளை வைச்சிட்டுத் திரும்பத் தைச்சனான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் ஒளிச்சதை எனக்குச் சொன்னனீங்களே?"

பிரித்த தையலைப் பார்த்தேன். நேராக, ஒரே அளவாக இருந்தது. நான் தைத்தது ஒருநாளும் அப்படி இருக்காது. பதற்றத்தில் கண்ணுக்குத் தெரியவில்லை.

செவ்வாய் நல்லபடியாகப் போனது. அடுத்த மாதம் தொட்டிலும் வந்தது. அந்த மைதானத்தில் இப்போது அடுக்குமாடி. தவம் அண்ணையும் கடைசியில் ரொறொன்ரோ போய்விட்டார். ஒரு குடையை எங்களிடம் விட்டுத்தான் போனார்.

மகள் படம் போட்ட மறுநாள், ஞாயிறு காலை, சூட்கேசுக்கு ஆள் வந்தான். நான் தயாராகத்தான் நின்றேன்: பூட்டைப் பற்றி என்ன சொல்வது, அவன் பாதி கேட்டால் எவ்வளவில் நிற்பது, திரும்பி நடந்தால் எத்தனையாவது அடியில் கூப்பிடுவது. காதில் ஏதோ மாட்டியிருந்தான். போனைத் தட்டிக் காசை அனுப்பினான், தூக்கினான், போய்விட்டான்.

சமையலறையில் இருந்து ரதி எட்டிப் பார்த்தாள். "எவ்வளவு குறைச்சுக் கேட்டவன்?"

"ஒண்டும் கேக்கேல்லை. போட்ட விலைக்கே எடுத்திட்டான்."

"ஒண்டுமே கேக்கேல்லையோ?" அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்ப ஏன் அவனுக்குக் குடுத்தனீங்கள்?"