இரண்டாவது பாட்டில்

மூன்றாவது தடவையாக வெந்நீரில் வாயைக் கொப்பளித்துத் தொட்டியில் துப்பிவிட்டு, நாக்கம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறார். ருசி பார்க்கும்போது அவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. "மூஞ்சியப் பாத்தா மார்க் மாறிடும்" என்பார். எதிரே இருப்பவர் புருவத்தைத் தூக்கினால் கால் மார்க் ஏறிவிடுமாம். உதட்டைச் சுழித்தால் அரை மார்க் இறங்கிவிடுமாம்.

நாக்கம்மா என்பது கிடங்குக்காரர் வைத்த பட்டப்பெயர். வெளிநாட்டுப் பானங்களை வரவழைத்துக் கடைகளுக்கு அனுப்பும் அந்த நிறுவனத்தில், அம்மாள் முதலில் லேபிள் ஒட்டத்தான் வந்தார். ஒரு நாள் ஆப்பிள் சாறு வந்திறங்கியபோது, "நனைஞ்ச அட்டை வாடை வருதே" என்றார். சோதனை இயந்திரம் எல்லாம் சரி என்றது. மூன்று வாரத்தில் அத்தனை பெட்டியும் கடைகளிலிருந்து திரும்பி வந்தன. அதற்குப் பிறகு அவரை லேபிள் ஒட்ட யாரும் கூப்பிடவில்லை. பத்தொன்பது வருஷமாக ருசிபார்க்கும் அறை அவருடையது.

பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. தானே கற்றுக்கொண்டார். அலமாரியில் நாற்பது ஜாம் பாட்டில்கள் இருக்கின்றன. ஒன்றில் துருப்பிடித்த ஆணி, ஒன்றில் ஊறிய அட்டை, ஒன்றில் காறிப்போன எண்ணெய். கருகிய ரப்பருக்கு, பஸ் ஓட்டும் கணவரின் டிப்போவிலிருந்து ஒரு துண்டு டியூப் கொண்டுவரச் சொல்லிச் சுட்டு வைத்திருக்கிறார். வாரத்துக்கு ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக மோந்து பெயர் சொல்லிப் பார்ப்பார். அறைக்குள் பவுடர் பூசியவர் நுழையக் கூடாது. வாயில் பெப்பர்மின்ட் போட்டுக்கொண்டு வந்தால், மேனேஜரானாலும் வாசலோடு சரி.

இரண்டு சட்டங்கள் உண்டு. போட்ட மார்க்கை மாற்றுவதில்லை. எத்தனையோ மேனேஜர்கள் கெஞ்சியும் பார்த்தாயிற்று, முறைத்தும் பார்த்தாயிற்று. இன்னொன்று, முதல் நாள் ஒரு பாட்டில், மறுநாள் கிடங்கில் பிரிக்காத பெட்டியிலிருந்து இரண்டாவது பாட்டில். இரண்டையும் பார்த்த பிறகுதான் தாளில் பேனா படும். "ஒரே ஒரு தடவை பாத்துட்டு யாராவது பொண்ணு குடுப்பாங்களா?"

இந்த இரண்டாவது சட்டத்தை அவர் மீறியது ஒரே ஒரு தடவைதான். போன செவ்வாய்க்கிழமை, ஆல்கஹால் இல்லாத ஒரு பெல்ஜியம் பீருக்காக.

அவருடைய கோபத்துக்கு ஒரு முன்கதை உண்டு. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் கணவர் குடியை நிறுத்தி நாலு வருஷமாகிறது. நிறுத்தினாரே தவிர நாக்கைக் கழற்றி வைத்துவிடவில்லை. விருந்துக்குப் போனால் பெரியவர்கள் பக்கம் கண்ணாடிக் கிளாஸ். அவருக்குக் குழந்தைகளோடு சேர்த்து ஆரஞ்சு நிறச் சர்க்கரைத் தண்ணீர், உறிஞ்சுகுழாயோடு. போதையில்லாத பீர் என்று வந்தவையெல்லாம் ஒன்று கஞ்சித் தண்ணீர், இல்லை பாகு. "குடிக்காதவன்தானே, எதைக் குடுத்தாலும் குடிப்பான்னு நெனப்பு! குடியை விட்டது ஒரு குத்தமா? அதுக்கு இது தண்டனையா?" என்று நாக்கம்மா பொரிந்து தள்ளாத மாதம் இல்லை.

பெல்ஜியம் என்றதும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. பச்சைப் பாட்டில், மணிக்கூண்டுப் படம், கழுத்தில் பெரிய பூச்சியம். கிளாஸைச் சாய்த்து ஊற்றினார். இரண்டு விரல் நுரை நின்றது. மூக்கைக் கொண்டுபோனார். கருகிய ரப்பர்! ஜாம் பாட்டிலைத் திறந்தாற்போல நெடி. மற்ற பானங்களைத் துப்பிவிடுவார். பீரின் கசப்பு தொண்டையில் இறங்கினால்தான் தெரியும் என்பதால் மூன்று மடக்கு விழுங்கியும் பார்த்தார். நெடி தொண்டைவரை கூடவே வந்தது.

பேனாவை எடுத்தார். பத்துக்கு இரண்டு. குறிப்பு என்ற இடத்தில் கொட்டை எழுத்தில் எழுதினார்: "ரப்பர் கருகிய நெடி. செய்தவர் ஒரு வாயாவது குடித்துப் பார்த்தாரா?"

விற்பனை அதிகாரிக்கு முகம் செத்துவிட்டது. நாற்பது கடைகளில் சொல்லி வைத்திருந்தார்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. பீரே குடிக்காதவங்க பீருக்கு எப்படி மார்க் போட முடியும்?"

"போதைக்கா தம்பி மார்க் போடறேன்? அது இல்லைன்னு பாட்டில்லயே எழுதியிருக்கு. மிச்சம் இருக்கிறது ருசி. அதுக்கு என் நாக்கு போதும்."

"இன்னொரு பாட்டில் நாளைக்குப் பாப்பீங்கல்ல?"

"இதுக்கு இன்னொரு பாட்டில் வேறயா? நாக்கு என்ன ஓசியில வந்ததா?"

தாளை மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். புதன்கிழமை பதினோரு மணிக்கு அது பெல்ஜியத்துக்குப் போகும். வேண்டாம் என்ற பதிலும் கூடவே போகும்.

கோபம் அடங்கவில்லை. சாட்சிக்கு ஆள் வேண்டியிருந்தது. கிடங்குக்காரரிடம் சொல்லி, பிரிக்காத பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். கணவர் அப்போதுதான் பஸ்ஸை விட்டுவிட்டு வந்து காக்கிச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"குடிச்சுப் பாருங்க. என்ன அநியாயம் பண்ணியிருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும்."

அவர் ஒரு மடக்குக் குடித்தார். மீசையில் ஒட்டிய நுரையை நக்கிக்கொண்டு இன்னொரு மடக்கும் குடித்தார்.

"யாரு செஞ்சது இது?"

"அப்படிக் கேளுங்க! நானும் அதைத்தான் எழுதியிருக்கேன்."

"நல்லா இருக்கும்மா."

"விளையாடாதீங்க. டீசல் பொகையில உங்க மூக்கு செத்துப் போச்சு."

"நெஜமாத்தான் சொல்றேன். நாலு வருஷத்துல, பெரிய மனுஷன் குடிக்கிறதுக்குன்னு செஞ்ச மாதிரி இது ஒண்ணுதான் வந்திருக்கு."

நாக்கம்மா கிளாஸைப் பிடுங்கினார். மோந்தார். இடித்த கொத்தமல்லி விதை. உலர்ந்த ஆரஞ்சுத் தோல். சுட்ட ரொட்டியின் ஓரம். ஒரு வாய் குடித்தார்; கசப்பு முண்டியடித்துக்கொண்டு வராமல், கடைசியில், அளவாக வந்தது. ரப்பர் எங்கும் இல்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார்.

"எத்தன மார்க் போட்ட?"

"ரெண்டு."

"ஒரே தடவ பாத்துட்டா? கல்யாணத்துக்கு முன்னாடி என்னையும் ஒரு தடவதான் பாத்த. எனக்கு எத்தன போட்ட?"

"சும்மா இருங்க" என்றார். கிளாஸைத் திருப்பிக் கொடுக்கக்கூடத் தோன்றவில்லை. கணவரே மெதுவாக வாங்கிக்கொண்டார்.

மறுநாள் நாக்கம்மா எட்டு மணிக்கே அறையைத் திறந்தார். விற்பனை அதிகாரி குளிர்பெட்டியில் கொண்டுவந்து வைத்திருந்த மாதிரிப் பாட்டில் ஒன்று, கிடங்கிலிருந்து ஒன்று. பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊற்றினார். ஒன்றில் ரப்பர், மற்றதில் ஆரஞ்சுத் தோல். விற்பனை அதிகாரி வந்ததும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, குளிர்பெட்டில வைக்கிறதுக்கு முன்னாடி இந்தப் பாட்டிலை எல்லாம் எங்க வெச்சிருந்தீங்க?"

அதிகாரி பெருமையாக செல்போனை நீட்டினார். ஜன்னல் விளிம்பில் வரிசையாகப் பச்சைப் பாட்டில்கள். பின்னால் வெயில் தகதகவென்று.

"விளம்பரத்துக்கு மேடம். எப்படி இருக்கு?"

"எவ்வளவு நேரம்?"

"மத்தியானம் முழுக்க. வெளிச்சம் சரியா விழணும்ல."

"படுபாவி! பீர்ல வெயில் பட்டா அந்தக் கசப்பே கெட்டு நாறிடும். பச்சைக் கண்ணாடி எதைத் தடுக்கும்? அத்தனை தூரம் கப்பல்ல இருட்டுலயே பத்திரமா வந்ததை, நம்ம ஜன்னல்ல வெச்சு வேக வெச்சிருக்கீங்க!"

"எனக்கு எப்படி மேடம் தெரியும்?" அதிகாரி செல்போனைப் பைக்குள் திணித்தார். "நீங்க ரெண்டாவது பாட்டில் பாத்திருந்தா நேத்தே தெரிஞ்சிருக்கும்."

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை, வெகுளியாகத்தான் சொன்னார். நாக்கம்மா இரண்டு கிளாஸையும் மூடி வைத்துவிட்டு மேனேஜர் அறைக்கு நடந்தார். மணி பத்தரை.

விஷயத்தைக் கேட்டதும் மேனேஜருக்கு வாயெல்லாம் பல். "எத்தன வருஷமா கேக்கறேன், ஒரு அரை மார்க் மாத்தினதுண்டா? இன்னைக்கு நீங்களே வந்து நிக்கிறீங்க!" மேஜை இழுப்பறையைத் திறந்து, எழுத்தை மறைக்கும் வெள்ளை மைக் குப்பியை எடுத்து வைத்தார். "ரெண்டை அழிச்சிடுங்க. அந்தக் கேள்வியையும் சேத்து அழிச்சிடுங்க. அவங்க மனசு ஏன் நோகணும்? உங்க பேரும் ஏன் கெடணும்?"

"ஊர்ல இருக்கிறவன் தப்புக்கெல்லாம் செவப்பு மையில வட்டம் போடறேன் சார். என் தப்புக்கு மட்டும் வெள்ளை மையா?"

நாக்கம்மா குப்பியை அப்படியே மேனேஜர் பக்கம் நகர்த்திவிட்டு, ஸ்கேலை எடுத்தார். இரண்டின் மேல் மெல்லிசாக ஒரு கோடு. அடியில் இருந்த இரண்டு நன்றாகவே தெரிந்தது. பக்கத்தில் ஏழரை என்று எழுதினார்.

"எட்டாப் போட்டுடலாமே?" என்றார் மேனேஜர், பழக்க தோஷத்தில்.

"பச்சைக் கண்ணாடிக்கு அரை போச்சு. இவ்வளவு தெரிஞ்சவன் அதுல ஊத்தலாமா?"

குறிப்புக்கு வந்தபோது ஸ்கேல் நின்றது. "செய்தவர் ஒரு வாயாவது குடித்துப் பார்த்தாரா?" என்ற வரியை அவர் அடிக்கவில்லை. அதன் கீழே, சிவப்பு மையில், "அவர் பார்த்திருக்கிறார். நான்தான் பார்க்கவில்லை" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தாளை மேனேஜர் பக்கம் திருப்பி வைத்தார்.