சுத்தக் காற்று எலிகள்

ஓய்வு பெற்ற பிறகும் என்னை விடாதது ஆய்வு விலங்குகளைக் கவனிக்கும் குழு. வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் பல்கலைக்கழகத்துக்குப் போய், எலிகள் சௌகரியமாக இருக்கின்றனவா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

அங்கே ஓர் இளம் விரிவுரையாளர் எலிகளைப் பெயின்டில் கலக்கும் தின்னரின் ஆவியில் வைத்துப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். கொட்டாஞ்சேனைக்காரி, தகப்பன் தளபாடங்களுக்கு ஸ்பிறே பெயின்ட் அடிப்பவர். ஈரல் பழுதுபட்டால் சில நொதியங்கள் இரத்தத்தில் கூடும். அதை அளப்பதுதான் வேலை. ஒரு கூட்டம் எலிகள் தின்னரைச் சுவாசிக்கும், மற்றக் கூட்டம் சுத்தமான காற்றை. படிப்பு லீவுக்குள் இரண்டையும் ஒப்பிட்டு முடிக்காவிட்டால் அவருக்குப் பட்டம் இல்லை.

நாங்கள் பார்வையிட வருவதாக விதிப்படி கடிதம் போனது. இந்த நாட்டில் பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் பெயின்ட் அடிப்பார்கள். அடித்தார்கள். சுத்தக் காற்று எலிகளின் அறையில், சுவர், கதவு, ராக்கை எல்லாவற்றுக்கும் தின்னர் கலந்த எனாமல். ஏசி வீணாகக் கூடாதென்று யன்னல்களையும் சாத்தினார்கள். அடுத்த பரிசோதனையில் இரண்டு கூட்டத்துக்கும் நொதியம் கூடியிருந்தது.

பராமரிப்புப் பொறுப்பாளரிடம் கேட்டேன்.

"சுவர் உரிஞ்சு கிடந்தா எங்களுக்குத்தானே சேர் வெட்கம்? கொஞ்சம் பெயின்ட் மணம் எலிக்கு என்ன செய்யப் போகுது?"

"அதைத்தான் ஐசே அந்தப் பிள்ளை இவ்வளவு நாளும் பார்த்துக்கொண்டிருக்கு!"

விரிவுரையாளர் பெயின்ட் அடிக்காத வேறோர் அறையில் புது எலிகளுடன் முதலிலிருந்து தொடங்கினார். லீவு மட்டும் புதிதாகவில்லை. இனி அறிவிக்காமல் போவோம் என்று குழுவில் பிரேரித்தேன். ஏகமனதாக ஏற்றார்கள். செயலாளர், நடைமுறைப்படி, அறிவிக்காத வருகையின் திகதியைக் கடிதம் மூலம் அறிவித்தார்.

நாங்கள் போனபோது அறை பூட்டிக் கிடந்தது. கதவுக்கு முன்னால் கதிரை போட்டு விரிவுரையாளர் உட்கார்ந்திருந்தார். சற்றுத் தள்ளி, திறக்காத பெயின்ட் டின்னும் தின்னர் போத்தலுமாகப் பெயின்ட்காரர்.

"திறப்பு எங்க?" என்றார் குழுத் தலைவர்.

"என்ர பையில சேர். எலியள் சாப்பிட்டிட்டுது, தண்ணியும் வச்சாச்சு. கண்ணாடியால பாருங்கோ. அந்தப் போத்தல் படியால கீழ இறங்கிப் போனாப் பிறகு திறக்கிறன்."

தலைவர் விதிகளைச் சொல்லத் தொடங்கினார். எனக்கு அவை மனப்பாடம். கதவுக் கண்ணாடியில் கண்ணை வைத்துப் பார்த்தேன். சுவர் உரிந்து கிடந்தது, எலிகள் நன்றாக இருந்தன. அங்கேயே, நின்றபடி, கையெழுத்துப் போட்டேன்.