சூசையப்பர் எழுந்து போனார்

அப்பாவின் கண் மஞ்சளானதை முதலில் பார்த்தவன் நான். கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருந்தது. சம்பா வயலில் தேங்கிய மழைத்தண்ணீரை நாள் கணக்கில் நின்று வடித்தவர், காய்ச்சலோடு படுத்திருந்தார்.

காமாலை என்று நாங்களே முடிவுகட்டினோம். அம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தார். உப்பில்லாப் பத்தியம். நடுவில் ஊசி போட்டால் மருந்து முறிந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

"ஏழு நாள் முடியட்டும். ஆண்டவர் பாத்துப்பாருடா," என்றார் அம்மா.

சரி என்றேன். வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். நான் சரி என்றால் அதற்கு மேல் பேச்சில்லை.

சிறுநீர் குறைந்தது. சாப்பாடு குறைந்ததால் என்று நினைத்தோம். ஆறாம் நாள் விக்கல் நிற்கவில்லை. அப்பா என்னைத் தன் தம்பி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பாபநாசத்திலிருந்து ஆம்புலன்ஸில் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம்.

"யூரின் போய் எத்தனை நாளாச்சு?" என்றார் டாக்டரம்மா.

"முந்தாநேத்து கொஞ்சம் போனாருங்க."

"வயல்ல இறங்குற ஆளு. எலிக்காய்ச்சலா இருக்கும்னு தோணலையா? நீ என்ன படிச்சிருக்க?"

"பி.எஸ்சி. விலங்கியலுங்க."

அவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார்.

லெப்டோஸ்பைரோசிஸ் (எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் தொற்றும் காய்ச்சல், கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும்). ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ் (சிறுநீரகத்தின் வேலையை இயந்திரம் செய்வது). பிழைப்பாரா என்று கேட்டேன்.

"யூரின் வரணும். பாப்போம்."

அதன்பின் எனக்கு அழுகை வரவில்லை. ஜெபமும் வரவில்லை. வார்டு வாசலில் நர்சுகள் அட்டையில் கிறிஸ்துமஸ் குடில் வைத்திருந்தார்கள். அதில் மாதாவுக்கும் குழந்தை இயேசுவுக்கும் பக்கத்தில் நின்ற சூசையப்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கோயிலில் பைபிள் வாசகம் வாசிப்பவன் நான். அவர் கதையை வருஷாவருஷம் வாசித்திருக்கிறேன். அரசன் குழந்தையைக் கொல்லத் தேடுகிறான் என்று கனவில் சொல்லப்பட்டது; எழுந்தார்; பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போனார். பயந்தாரா, அழுதாரா என்று எழுதியில்லை. அவர் ஒரு வார்த்தை பேசியதாகக்கூட இல்லை. கடவுள் அந்தக் குழந்தையைக் காத்தது அவருடைய கால்களைக் கொண்டுதான். நானோ ஆறு நாள் உட்கார்ந்திருந்ததை விசுவாசம் என்று நினைத்திருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை யூரின் இருநூறு மில்லி வந்தது. அளவு ஜக்கை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.

"என்னடா, பால்காரனாட்டம் அளக்குற?" என்றார் அப்பா.

அம்மா அழுதார். எனக்குள் ஒன்றும் அசையவில்லை. அளவை எழுதிவிட்டு டாக்டரைத் தேடிப் போனேன்.

இதைப் படிக்கிற உங்களுக்கும் இப்படி மனம் மரத்துப்போயிருக்கலாம். விசுவாசம் போய்விட்டதாக நினைக்காதீர்கள். செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருங்கள்.

டயாலிசிஸ் நின்று, அப்பா வீடு வந்து இரண்டு மாதம். எனக்கு இன்னும் கிழமை தெரிவதில்லை. டயாலிசிஸ் நாள், டயாலிசிஸ் இல்லாத நாள் என்றுதான் உடம்பு கணக்கு வைக்கிறது. யாரோடு பேசினாலும் முதலில் கண்ணின் வெள்ளையைப் பார்க்கிறேன்.

போன வாரம் ஒரு மத்தியானம் அப்பாவுக்கு உடம்பு சுட்டது. நான் வண்டியை வாசலுக்குத் தள்ளினேன்.

"ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போவமாடா?" என்றார் அம்மா.

"வழியில பண்ணிக்கலாம்மா."

அப்பாவை நடுவில் உட்காரவைத்து, அம்மா பின்னால் ஏறிக்கொண்டார். வண்டி தெரு முனை திரும்புவதற்குள் அம்மா ஜெபமாலையைத் தொடங்கியிருந்தார்.