புருலின் காற்றுக் கணக்கு

மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தபோது அப்பா வைத்த பெயர் புருல். ‘திரும்பு’ என்று அர்த்தம்; அடுத்ததாவது பையனாகத் திரும்பட்டும் என்ற வேண்டுதல். அடுத்ததும் பெண்தான். அவளுக்கு அசில் என்று பெயர் வைத்துவிட்டு அப்பா வேண்டுதலை நிறுத்திக்கொண்டார்.

புருல் வளர்ந்து ஏரிக்கரை ஊரான சொல்பொன்-அத்தாவின் பள்ளியில் கணக்கு டீச்சரானாள். பிறகு கம்ப்யூட்டர் மேல் ஆசை வந்து, இணையத்தில் பாடம் கேட்டு, பழைய பதிவுகளைப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டு கணிக்கும் நியூரல் நெட்வொர்க் எழுதப் பழகினாள். கடைசியில் இசிக்-கூல் ஏரிப் படகுக்காரர்களுக்குக் காற்று நிலவரம் சொல்லும் சின்ன நிறுவனம் ஒன்றில் சேர்ந்தாள். தெற்கே ஏரியிலிருந்து காற்று வந்தால் கவலையில்லை. மிதிபடகுகளைக் கரைக்கே தள்ளிவிடும். வடக்கே மலையிலிருந்து இறங்கினால் நடு ஏரிக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். இன்று எந்தக் காற்று என்று அவள் எழுதிய நெட்வொர்க் காலையிலேயே சொல்ல வேண்டும்.

மீட்புப் படகோட்டும் ஷார்ஷெனுக்கு இதில் துளியும் நம்பிக்கையில்லை. மனைவியை இழந்து சில வருடமாகத் தனியாக இருப்பவன். வாய் மட்டும் ஓய்ந்ததில்லை. புருலை ‘எஜே’, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவான்.

“விரலை நக்கித் தூக்கிப் பிடிச்சா நானே சொல்லிடுவேன், எஜே. உங்க கம்ப்யூட்டருக்கு விரல் இருக்கா?”

“விரலும் இல்ல, நாக்கும் இல்ல. அதனாலதான் உன்ன மாதிரி வம்பளக்காது,” என்றாள் புருல்.

ஜூலையில் ஒரு ஞாயிறு. கணிப்பு ‘தெற்குக் காற்று’ என்றது. தலைநகர் பிஷ்கெக்கில் பல் டாக்டராக இருந்த அசில் விடுமுறைக்கு வந்திருந்தாள். புருலே அவளை மிதிபடகில் ஏற்றி அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் மலையிலிருந்து காற்று இறங்கியது. படகு சுருங்கிச் சுருங்கிப் புள்ளியானது. புருலுக்குக் கரையில் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

ஷார்ஷென் மோட்டார் படகில் பாய்ந்து போய் மிதிபடகைக் கட்டி இழுத்து வந்தான். அவனுடைய ஜாக்கெட்டுக்குள் நடுங்கியபடி அசில் சிரித்தாள்.

“எஜே, என்னை எந்த ஊருக்குப் பார்சல் பண்ணின?”

ஷார்ஷென் சிரிக்கவில்லை. “கொஞ்சம் தப்பினா சரி, மனுஷன் புரிஞ்சுக்கலாம். இப்படி நேர் எதிரா எப்படித் தப்பும்?”

அந்த ‘நேர் எதிர்’ புருலைக் குடைந்தது. வீட்டுக்கு வந்து ஊற்றிய டீ ஆறிப்போக, பழைய பதிவுகளைக் கிளறினாள். மலைக்காற்று சில சமயம் முந்நூற்று ஐம்பது பாகை, சில சமயம் பத்துப் பாகை. வடக்கைச் சுழியமாக வைத்து முந்நூற்று அறுபதில் சுற்று முடியும் திசைகாட்டியில் இரண்டும் அடுத்தடுத்த வீடு. வெறும் எண்ணாகப் பார்த்தால் ஒன்று இந்த முனை, மற்றது அந்த முனை. நெட்வொர்க் செய்தது போல இரண்டுக்கும் நடுவே பிடித்தால் நூற்று எண்பது, சுத்தமான தெற்கு. இதை நம்பியா தங்கையை ஏற்றினோம் என்று அவளுக்கு வெட்கமாகப் போயிற்று.

மருந்து, நெட்வொர்க் எழுத அவள் பயன்படுத்திய நிரல் தொகுப்பான லைப்ரரியிலேயே இருந்தது. எண்களை அடுக்கிய டென்சரை அப்படியே கொடுத்து சைன் கேட்டால், ஒவ்வோர் எண்ணுக்கும் அதனதன் சைனை அதனதன் இடத்திலேயே வைத்துத் திருப்பித் தரும். கோசைனும் அப்படியே. ஒரு திசைக்கு இரண்டு எண் ஆனதும் முந்நூற்று ஐம்பதும் பத்தும் மறுபடி அண்டை வீடாகிவிடும். எழுதி ஓட்டினாள். கணிப்பில் காற்று, குடித்தவன் மாதிரி சுழன்றது. லைப்ரரி கேட்பது ரேடியன் என்ற வேறு கோண அளவு. அவள் கொடுத்தது பாகை. இதே தப்புக்கு எத்தனை பிள்ளைகளுக்கு மார்க் குறைத்திருப்பாள். மாற்றிவிட்டு நெட்வொர்க்கை மறுபடி முதலிலிருந்து பழக்கினாள்.

மறுநாள் படகுத்துறைக்குப் போய், தப்பு தன்னுடையதுதான் என்று எல்லோரிடமும் சொன்னாள். வியாழக்கிழமை கணிப்பு ‘வடக்கு’ என்றது. முணுமுணுத்துக்கொண்டே படகுகளைக் கட்டிவைத்தார்கள். மதியம் மலைக்காற்று இறங்கி, கரையிலிருந்த குடைகளை ஏரிக்குள் வாரிக்கொண்டு போனது.

ஷார்ஷென் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். “எஜே, உங்க தங்கச்சி எப்ப ஊருக்குக் கிளம்புறாங்க?”

“ஏன்?”

“ஒரு பல் ஆடுது.”

“எந்தப் பல்லு?”

அவன் யோசித்தான். “எது ஆடினா அவங்களுக்கு வசதி?”

இலையுதிர்காலத்தில் அவர்களுக்குக் கல்யாணம். அசில் சொல்பொன்-அத்தாவிலேயே பல் ஆஸ்பத்திரி திறந்துவிட்டாள். புருல் இப்போது மழையையும் கணித்துவிட வேண்டும் என்று அதைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கிறாள். அது யார் பேச்சையும் கேட்பதாக இல்லை.