கிழித்துப் படித்தவள்

என் தங்கையை வீட்டில் எறும்பு என்றுதான் கூப்பிடுவோம். மருத்துவமனையில் அறுவைக் கருவிகளைக் கழுவும் அறையில் அவளுக்கு வேலை. கத்தரிக்கோல், இடுக்கி என்று ஒவ்வொன்றின் இடுக்கிலும் பிரஷ் விட்டுத் தேய்க்க வேண்டும். கையுறை போட்டாலும் மருந்துத் தண்ணீர் உள்ளே இறங்கி, தோல் உரிந்துகொண்டே இருக்கும். அடுத்த அறையில், கழுவிய கருவிகளில் கிருமி நீக்கும் நீராவி இயந்திரம். அதை ஓட்டும் வேலை கிடைத்தால் கை பிழைக்கும். திரையில் வருவதெல்லாம் ஆங்கிலம் என்பதால் அதற்கு ஆங்கிலப் பரீட்சை உண்டு. இரண்டு முறை கோட்டை விட்டாள். மூன்றாவதுதான் கடைசி என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டு முறையும் காலை வாரியது பார்ட்டிசிபிள். வேலை நடந்துகொண்டிருக்கிறதா, முடிந்துவிட்டதா என்று வினைச்சொல்லின் வாலை மாற்றிச் சொல்வது. வாஷிங் என்றால் கழுவிக்கொண்டிருப்பது, வாஷ்டு என்றால் கழுவி முடித்தது. இதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. கிழிந்தது டோர்ன், வளைந்தது பென்ட், உடைந்தது புரோக்கன் என்று ஆளுக்கொரு முகம் காட்டும் சொற்கள்தான் தலையில் நிற்கவில்லை. டியூஷன் டீச்சர் மனப்பாடம் செய்யச் சொன்னார். காலையில் ஏறியது மாலையில் இறங்கிவிடும்.

பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். என் தையல் மெஷினுக்குக் கீழே கிடந்த துண்டுத்துணியை அள்ளிக்கொண்டு போனாள். கிழிக்கும்போது டேரிங், கிழித்ததைத் தூக்கிப் பிடித்து டோர்ன். கம்பியை வளைத்தாள், குச்சியை உடைத்தாள். அவள் வீட்டுக்காரர் தன் சீப்பை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"உங்க தங்கச்சி பாஸாகறதுக்குள்ள வீட்டுல சுவரு மட்டும்தான்க்கா மிஞ்சும்" என்றார் என்னிடம்.

"சுவரு அடுத்த பாடத்துல வருது" என்றாள் இவள்.

பரீட்சை அறையில் மேசைக்கு அடியில் இவள் கை அசைவதைப் பார்த்து, துண்டுச்சீட்டு என்று நினைத்துக் கண்காணிப்பாளர் எழுப்பிவிட்டார். கையை விரித்துக் காட்டினாள். ஒன்றும் இல்லை. அப்படியானால் கையை ஆட்டாமல் எழுது என்றார். இவள் உட்காரவில்லை.

"கை அசைஞ்சாத்தான் சார் எனக்கு வார்த்தை வரும். சந்தேகம்னா உங்க கண்ணு முன்னாடியே உட்காருறேன். எழுதாம மட்டும் போக மாட்டேன்."

முதல் பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார். அத்தனை பேர் பார்க்க, இல்லாத துணியைக் கிழித்து, இல்லாத கம்பியை வளைத்து எழுதினாள். பின்னால் சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்களாம். இவள் தலையைத் திருப்பவில்லை.

தேறிவிட்டாள். பார்ட்டிசிபிள் பகுதியில் ஒன்றே ஒன்றுதான் தப்பு. எது என்று கேட்க அலுவலகத்துக்கே போய் நின்றிருக்கிறாள். பாஸானவர்கள் யாரும் இப்படி வந்து கேட்டதில்லை என்று எழுத்தர் அலுத்துக்கொண்டே தாளை எடுத்துக் காட்டினாராம். உறைந்தது என்பதற்கான சொல். அதைக் கையால் செய்து பார்க்க முடியாதே.

அன்று சாயங்காலம் இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன். ஃபிரிட்ஜுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே, ஐஸ் பிடிக்கும் மேல் தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர்.

"திங்கக்கிழமை மெஷின் ரூமுக்குப் போறேன்க்கா. அதுக்குள்ள இதை முடிச்சுடறேன்" என்றாள். கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "ஃபிரீசிங்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மூடினாள்.