பெட்டிக்குள் இருந்த பத்துப் போல்ட்டுகள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எஞ்சின் விஷயத்தில் இன்னும் நீளம். போரின்போது யாழ்ப்பாணத்துக்குள் அரசாங்கம் பெற்றோலும் டீசலும் உதிரிப்பாகமும் வரவிடாமல் தடை போட்டிருந்த காலத்தில், தண்ணீர் இறைக்கும் எஞ்சின்களையும் வான்களையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்களில் நானும் ஒருவன். பழுதான எதையும் நாங்கள் எறிந்ததில்லை. கழுவி, தட்டி, பெயின்ற் பூசி, திரும்பப் போடுவோம். தப்பித் தவறி ஒரு புது நட்டு கையில் கிடைத்தால் அதைப் போடமாட்டோம். இதைவிட மோசமான நாள் ஒன்று வரும் என்று துணியில் சுற்றி வைத்துவிடுவோம். மோசமான நாட்களும் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்தன. கனடாவில் ரொறன்ரோவுக்கு நான் கொண்டுவந்த சொத்து இந்தக் கெட்டித்தனம் ஒன்றுதான்.

இங்கே வந்து ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் ஆறு பேர் ஒரு வீட்டில் இருந்தோம். அதில் ஒருவரை எல்லோரும் அண்ணை என்போம். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க்காக இருந்தவர். அவருடைய மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். நிலையான வேலை காட்டினால்தான் அவர்களைக் கூப்பிடலாம் என்று படிவம் நிரப்பித் தருகிறவர் அவரிடம் சொல்லியிருந்தார். அண்ணை வேலை செய்த தொழிற்சாலையோ அந்த வருடம் மூடிவிட்டது.

பிறகு ஒரு வேலை வந்தது. வடக்கே ஏரிக்கரைகளில் வசதியானவர்களின் கோடைகால வீடுகள் குளிர்காலம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். கூரைகள் பாரத்தில் இடியாமல் பனியைத் தள்ளவும், தண்ணீர்க் குழாய் வெடித்திருக்கிறதா என்று பார்க்கவும் ஆள் தேவைப்பட்டது. ஒரே நிபந்தனை, காட்டுப்பாதையில் போகக்கூடிய வாகனம் சொந்தமாக இருக்க வேண்டும். அண்ணை எங்கோ தேடி ஒரு பழைய ஜீப் எடுத்துவந்தார். அதன் பெற்றோல் எஞ்சின் செத்துப்போயிருந்தது. நான் அவரை ஒஷாவாவில் பழைய வாகனங்கள் உடைக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனேன். பின்பக்கம் நொறுங்கிய ஒரு டெலிவரி வானில் நல்ல டீசல் எஞ்சின் இருந்தது.

"அண்ணை, உதைக் கழட்டிப் புதுசாக்கி ஜீப்புக்குள்ள இறக்கித் தாறன். நீங்கள் சாகுமட்டும் ஓடும்" என்றேன்.

ஸ்காபரோவில் ஒரு வீட்டுக்காரர் தன் கராஜைத் தந்தார். செப்டெம்பரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் இருந்தோம். நான் கழற்ற, அண்ணை ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, அழகான கையெழுத்தில் துண்டு எழுதிக் கட்டினார். "அண்ணை, உது சங்கக் கடையில்லை" என்று பகிடி பண்ணுவேன். சிரிப்பார், ஆனால் துண்டு கட்டுவதை விடமாட்டார். பிஸ்டன் வளையங்கள் மாற்றினோம். பேரிங்குகள் மாற்றினோம். எஞ்சினின் மேல்மூடியை, நாங்கள் ஹெட் என்று சொல்வதை, பட்டறையில் கொடுத்து மட்டமாகச் சீவி எடுத்தோம். ஜீப்பின் கியர்பெட்டியோடு பொருத்த இரும்புத் தகடு ஒன்று வெட்டி எடுக்க மட்டும் மூன்று ஞாயிறு போனது. உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். கோப்பை கழுவுகிறவன் என்ற நினைப்பே அந்தக் கராஜுக்குள் எனக்கு வருவதில்லை.

ஹெட்டை இறுக்குகிற ஞாயிறு அண்ணை ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். உள்ளே பத்துப் புது போல்ட்டுகள். எஞ்சினுக்கான புத்தகத்தை நூலகத்தில் எடுத்து வரிவரியாகப் படித்திருந்தார்.

"தம்பி, பழைய போல்ட்டைத் திருப்பிப் போடக்கூடாதெண்டு புத்தகத்தில கிடக்கு. ஒருக்கா இறுக்கினால் உது நீண்டுபோகுமாம். பிறகு பிடிக்காதாம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "புத்தகம் எழுதினவன் போல்ட் விக்கிறவன், அண்ணை. நான் எத்தினை எஞ்சின் கழட்டிப் பூட்டினனான் தெரியுமே? ஒரு போல்ட்டும் எறிஞ்சதில்லை."

அவர் ஒரு பழைய போல்ட்டையும் ஒரு புதியதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். பழையது நகத்தின் தடிப்பளவு உயர்ந்து நின்றது. அவரும் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"ஒரு நூல் அளவுதானே" என்றேன். "புதுசை வைச்சிருங்கோ. காட்டுக்குள்ள அந்தரம் ஆபத்துக்கு உதவும்."

அதுதான் அவரை அசைத்தது. அவரும் தடைக்காலத்து ஆள்தானே. புதிய பொருளை ஒரு கெட்ட நாளுக்காக வைப்பதென்றால் எங்களில் யாருக்கும் விளங்கும். "நீர் சொன்னால் சரிதான்" என்று பெட்டியை மூடி, அதன் மேல் 'அவசரத்துக்கு' என்று எழுதி, ஜீப்பின் இருக்கைக்குக் கீழே வைத்தார். நான் பழைய பத்தையும் கழுவி, எண்ணெய் தடவி, என் முழுப் பலத்தோடும் இறுக்கினேன்.

நவம்பரில் எஞ்சின் ஓடியது. முதலில் வெள்ளைப் புகை கக்கியது, பிறகு சத்தம் சீரானது. அண்ணை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அன்று மாலை கொழும்புக்கு ரெலிபோன் எடுத்து, வருகிற வருடம் வரலாம், பிள்ளைகளுக்குக் குளிர் உடுப்பைப் பற்றிச் சொல்லிவை என்று மனைவியிடம் சொன்னார்.

இரண்டரை மாதம் அந்த வேலைக்கு ஓடியது. ஜனவரி கடைசியில் ஒரு மத்தியானம், அண்ணை கடைசி வீட்டின் கூரைப் பனியைத் தள்ளிவிட்டுத் திரும்பும்போது வெப்பமானி ஏறியது. முன்மூடியைத் திறந்தால் ஆவி. ஊற்றத் தண்ணீர் இல்லை. கையால் பனியை அள்ளி உருக்கி உருக்கி ஊற்றியிருக்கிறார். ஊற்றியது உள்ளே தங்கவில்லை, எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. கையுறைகள் இரண்டும் நனைந்துபோயிருந்தன. அந்தக் குளிரில், அந்தக் கையுறைகளோடு, பெரிய ரோட்டுக்குப் பத்துக் கிலோமீற்றருக்கு மேல் நடந்திருக்கிறார். பனி தள்ளும் லொறிக்காரர் ஒருவர் அவரைக் கண்டெடுத்தார். வலது கையில் நாலு விரலையும் இடது காலில் மூன்று விரலையும் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். அந்தக் கிழமையே அவருடைய வேலைக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள்.

ஜீப்பை இழுப்பித்துக் கராஜுக்குக் கொண்டுவந்து தனியே ஹெட்டைக் கழற்றினேன். மூன்று போல்ட்டுகள் ஸ்பனர் வைத்ததும் இளகி வந்தன. அந்த மூன்றுக்கும் நடுவில், ஹெட்டுக்குக் கீழே தண்ணீர் கசியாமல் அடைக்கிற காஸ்கெட் கருகித் தின்னப்பட்டிருந்தது. தண்ணீர் முழுக்க அதன் வழியாகத்தான் போயிருக்கிறது. ஊரில் நான் கழற்றிய எஞ்சின்களின் போல்ட்டுகள் தடித்த, நீளாத சாதி. இது வேறு சாதி. புத்தகம் அதைச் சொல்லியிருந்தது, மேசையில் நின்ற போல்ட்டும் சொல்லியிருந்தது. கராஜ் நிலத்தில் குந்தியிருந்து அழுதேன். என்னை எனக்கே பிடிக்கவில்லை, இன்றுவரை அந்த விஷயத்தில் பிடிக்கவில்லை.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட கை நெஞ்சின்மேல் இருந்தது. படிவத்தைப் பற்றித்தான் முதலில் கேட்டார். "இனி என்ன வேலையைக் காட்டுறது, தம்பி?" பிறகு, "எஞ்சினைக் கழட்டிப் பார்த்தனீரே? என்ன பிழையாம்?" என்றார்.

"ஹெட் வெடிச்சுப்போச்சு, அண்ணை. குளிருக்கு. ஒண்டும் செய்யேலாது."

என் வாயிலிருந்து அது அவ்வளவு இலகுவாக வந்தது. அவர் தலையை ஆட்டினார். கட்டிலுக்குப் பக்கத்து மேசை லாச்சியைத் திறக்கச் சொன்னார். உள்ளே அவருடைய கோட்டுப் பையிலிருந்து எடுத்துவைத்த சாமான்கள் இருந்தன. அகதி அட்டை, பிள்ளைகளின் படம், அந்தப் பெட்டி. ஓரம் நசுங்கியிருந்தாலும் அந்த ஞாயிறுக்குப் பிறகு திறக்கப்படவில்லை.

"ஜீப்புக்குள்ள விட்டால் ஆரும் எடுத்துப்போடுவாங்கள் எண்டு கொண்டு நடந்தனான்" என்றார். "நல்ல காலம், உதைப் போடேல்லை. போட்டிருந்தால் இந்தப் புதுசும் வீணாப் போயிருக்கும். நீர் சொன்னதுதான் சரி. நீர் வைச்சிரும், வேற எஞ்சினுக்கு உதவும்."

"ஓம், அண்ணை" என்று சொல்லி, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.